சஃபாரி 911: பழைய போர்ஷேவைக் கரட்டுப் பாதைக்குத் தயார்செய்யும் முறை

1978இல் கென்யாவின் சஃபாரி ராலிக்கு போர்ஷே இரண்டு 911 எஸ்சி கார்களை அனுப்பியது. சாலையில் ஓடும் 911க்கு வயிற்றுக்கடியில் ஏறத்தாழ 12 செ.மீ. இடைவெளிதான், அந்த இரண்டுக்கும் 28 செ.மீ. கென்யாக்காரர் விக் பிரெஸ்டன் ஜூனியர் இரண்டாவதாக வந்தார், சுவீடனின் பியோர்ன் வால்டெகோர்டு நான்காவது. இன்றைக்கு உலகெங்கும் ‘சஃபாரி 911’ கட்டுகிறவர்களின் ஆசை பெரும்பாலும் அந்தக் கார்களின் படங்களைப் பார்த்துக் கிளம்பியதுதான். படத்தில் தெரிவது உயரமும் முரட்டு டயரும் மூக்கில் விளக்கும். நீளமான டாம்பர் (அதாவது ஷாக்), உடலில் போட்ட கூடுதல் வெல்டிங், தூசியைத் தடுக்கும் ஏற்பாடு, இன்ஜினின் சூடு வெளியேற விட்டிருந்த வழி இவையெல்லாம் படத்தில் தெரியாது. அவற்றைச் செய்யாத கார் வாசலில் அழகாக நிற்கும். கரடுமுரடான பாதையில் முதல் நாளே ஷாக்கோ ஆக்ஸிலோ போய்விடும்.

இங்கே சொல்லப்போவது 28 செ.மீ. கார் கட்டும் முறை இல்லை. அதற்குத் தொழிற்சாலை அளவு வசதி வேண்டும். சஸ்பென்ஷனில் 50 மி.மீ., டயரில் இன்னும் கொஞ்சம் என்று உயர்த்தி, செம்மண் சரளையிலும் வறண்ட ஆற்றுப்படுகையிலும் நாள் முழுக்க ஓடித் திரும்பும் ஒரு 911 எஸ்சி. அது போதும். போர்ஷேவே 2022இல் வெளியிட்ட 911 டக்கார் மாடலை, ஸ்போர்ட் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண கரேராவைவிட 50 மி.மீ. உயரத்தில்தான் நிறுத்தியது.

எந்தக் காரை எடுப்பது

1978 முதல் 1983 வரை வந்த எஸ்சி இதற்குத் தோதான வண்டி. 3 லிட்டர் காற்றுக்குளிர் இன்ஜின், அலுமினிய கேஸ், துத்தநாகம் பூசிய உடல், 15 அங்குல சக்கரம், 80 லிட்டர் பெட்ரோல் டேங்க். அதற்கு முந்தைய நீள்மூக்குக் கார்களை வெட்டாதீர்கள். அவை குறைந்துகொண்டே வருகின்றன, விலையும் எட்டாது. எஸ்சியிலும் இன்ஜின் எண், பெயின்ட், உள்ளலங்காரம் எல்லாம் அசலாக இருக்கும் வண்டியைத் தொட வேண்டாம். பெயின்ட் வெளிறி, சீட் கிழிந்து, முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே இரண்டு மூன்று இடத்தில் கைவைத்த காரே இந்த வேலைக்கு லாபம்.

துத்தநாகம் பூசியிருந்தாலும் துரு வரும். பேட்டரித் தட்டுக்கு அடியில், முன் சஸ்பென்ஷன் போல்ட் ஏறும் தளத்தில், கதவடிப் பெட்டியின் பின்முனையில், பின் டார்ஷன் குழாய் முடியும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அங்கே முதலில் டிங்கர் வேலை, மற்றதெல்லாம் அப்புறம்.

இன்ஜினைச் சோதித்துக்கொள்ளுங்கள்

சஸ்பென்ஷன் பெட்டி வந்து இறங்கும் முன் இன்ஜினில் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். இந்த இன்ஜினுக்கு நல்ல பெயர் உண்டு, தெரிந்த நோய்களும் உண்டு.

செயின் டென்ஷனர். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம் இது. எஸ்சியின் பழைய டென்ஷனர் சொல்லாமல் கொள்ளாமல் தளரும். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். 1984இல் வந்த 3.2 கரேராவின் ஆயில் ஊட்டும் டென்ஷனர் இதற்கு நேராகப் பொருந்தும், மாற்றிவிடுங்கள்.

ஹெட் ஸ்டட். சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்களில், எக்ஸாஸ்ட் பக்கம் உள்ள டிலவார் என்ற எஃகு வகை ஸ்டட்கள் அரித்து முறிவது வழக்கம். கீழ் வால்வு கவரைக் கழற்றும்போது ஒரு நட்டும் வாஷரும் கையில் விழுந்தால் அந்த ஸ்டட் ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். இன்ஜினை இறக்கியாக வேண்டும். விலை பேசும்போதே கவரைத் திறந்து பார்க்கக் கேளுங்கள்.

ஏர்பாக்ஸ். கே-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷனின் பிளாஸ்டிக் ஏர்பாக்ஸ், குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது பின்வெடி வந்தால் பிளந்துவிடும். ‘பாப்-ஆஃப்’ வால்வு ஒன்றை ஒட்டினால் வெடியின் அழுத்தம் அதன் வழியே போய்விடும். விலை சொற்பம், பலன் பெரிது.

கிளட்ச் தகடு. எஸ்சியில் வந்த தகட்டின் நடுவில் ரப்பர். அது நொறுங்கிக் கிளட்ச் கூட்டுக்குள் சிக்கும். ஸ்பிரிங் நடு உள்ள தகடு போடுங்கள்.

இவற்றோடு லீக்-டவுன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. ஒரு சிலிண்டரில் 10 சதவீதத்துக்கு மேல் கசிந்தால் அந்தக் காற்று எங்கே போகிறது என்று கண்டுபிடித்த பிறகே அடுத்த செலவு. ஆயில் சூடேறிய பின் ஒவ்வோர் 1000 சுற்றுக்கும் 0.7 பார் அளவு அழுத்தம் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு, இன்றும் பொய்க்கவில்லை.

வெல்டிங்

உள்ளே உள்ளதெல்லாம் கழற்றிய பிறகு உடலைப் பலப்படுத்தும் வேலை. இதற்கு முன் செய்தே ஆக வேண்டியவை: பெட்ரோல் டேங்கையும் பைப்பையும் முழுதாக வெளியே எடுப்பது, பேட்டரியைக் கழற்றுவது, ஆல்டர்னேட்டர் இணைப்பையும் இக்னிஷனின் சிடிஐ பெட்டியையும் பிரிப்பது. டேங்க் முன்பக்கம், வெல்டிங்கில் பாதி நடக்கப்போவதும் முன்பக்கம். காலி டேங்க்தானே என்று விட்டால் உள்ளிருக்கும் ஆவியே போதும்.

துத்தநாகப் பூச்சின் மேல் நேராக வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். வெல்டிங்கும் ஓட்டை ஓட்டையாக நிற்கும். இரண்டு பக்கமும் 20 மி.மீ. அகலத்துக்குப் பூச்சை அரைத்து எடுங்கள், தகுந்த முகமூடி போடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள். முடிந்த பின் வெறும் இரும்பாக விடாமல் ஜிங்க் பிரைமர் அடியுங்கள்.

பலப்படுத்த வேண்டிய இடங்கள் நான்கு: முன் ஸ்ட்ரட் (முன்பக்க டாம்பர் தூண்) தலை உட்காரும் மேடை, முன் சஸ்பென்ஷன் கை போல்ட் ஏறும் தளம், பின் ஷாக் தலைப்பகுதி, பின் டார்ஷன் குழாய் உடலோடு சேரும் மூலை. 3 மி.மீ. தகட்டை முக்கோணமாக வெட்டி ஒட்டு கொடுத்தால் போதும். தொழிற்சாலை ஸ்பாட் வெல்டிங் உள்ள மடிப்புகளில் 25 மி.மீ. வெல்டிங், 50 மி.மீ. இடைவெளி என்று விட்டு விட்டு வையுங்கள். ஒரே மூச்சில் முழு நீளமும் ஓட்டினால் சூட்டில் உடல் முறுக்கிக்கொள்ளும்; பிறகு எந்த அலைன்மென்ட் மெஷினும் அதைச் சரிசெய்யாது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும்.

உயர்த்துவது: பலரும் தவறும் இடம்

911 எஸ்சியில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் நான்கு டார்ஷன் பார். இரும்புக் கம்பி முறுகி எடையைத் தாங்கும். முன்பக்கம் ஒரு போல்ட்டைத் திருகினாலே கார் உயர்ந்துவிடும். இந்தச் சுலபம்தான் வினை.

ஒரு கணக்கு. முன் சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்தப் பயணம் 180 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கார் சாதாரணமாக நிற்கும்போது மேலே ஏற 100, கீழே இறங்க 80. போல்ட்டைத் திருகி 60 மி.மீ. உயர்த்துகிறீர்கள். டாம்பரின் நீளம் மாறவில்லை. இப்போது மேலே ஏற 160, கீழே இறங்க வெறும் 20. பள்ளம் வந்தால் சக்கரம் 20 மி.மீ. இறங்கி, டாம்பர் முழுதாக நீண்டு, ‘டங்’ என்று தட்டும். சக்கரம் தரையை விடும், ஸ்டீயரிங் ஒரு கணம் கையில் லேசாகும், டாம்பரின் உள்நட்டு ஒவ்வொரு பள்ளத்திலும் சுத்தியடி வாங்கும். உயரம் கூடியும் வண்டி முன்பைவிட மோசமாக ஓடும். இதற்கு டாம்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. மொத்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்காவது கீழ்ப்பக்கம் மிச்சமிருக்க வேண்டும்.

ஆகவே உயர்த்தும் அளவுக்கு ஏற்ப நீளம் கூடிய ஸ்ட்ரட்டும் பின் ஷாக்கும் முதலில் வாங்குங்கள். பில்ஸ்டைன் போன்றவற்றை ராலி அளவுக்கு மாற்றிக் கட்டித்தரும் பட்டறைகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. ஆர்டர் தரும்போது காரின் எடை, டார்ஷன் பார் தடிமன், எத்தனை மி.மீ. உயர்த்தப்போகிறீர்கள் என்ற மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

டார்ஷன் பாரின் தடிமன். எஸ்சியில் முன்னால் சுமார் 19 மி.மீ., பின்னால் ஆண்டைப் பொறுத்து 23 அல்லது 24. அடித்தகடு, கார் உருண்டால் காக்கும் குழாய்க் கூண்டு, உபரிச் சக்கரம் எல்லாம் ஏறும்போது முன்னால் 21, பின்னால் 27 சரியாக இருக்கும். பார்க்க 2 மி.மீ.தான். ஆனால் முறுக்கு எதிர்ப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும்: 19இலிருந்து 21க்குப் போனால் ஏறத்தாழ பாதி கூடுகிறது, 24இலிருந்து 27 என்றால் 60 சதவீதம். ‘இன்னும் தடியாக இருக்கட்டும்’ என்று முன்னால் 23, பின்னால் 30 போட்டால் சரளைப் பாதையில் கார் கல்லின் மேல் குதித்துக் குதித்துப் போகும், பிடிமானம் இருக்காது.

முன் பார்களில் இடம், வலம் என்று குறி இருக்கும். தயாரிக்கும்போதே ஒரு திசையில் முறுக்கி விட்டவை. மாற்றிப் போட்டால் முறியும். மேற்பூச்சில் கீறல் விழுந்தாலும் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். இடுக்கி போட்டுப் பிடித்து இழுக்காதீர்கள். பற்களிலும் உடலிலும் தாராளமாக கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

பின்பக்கம் வேலை கொஞ்சம் பொறுமை கேட்கும். பாரின் உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44. உள்முனையை ஒரு பல் நகர்த்தினால் 9 டிகிரி; வெளிமுனையை எதிர்ப்பக்கம் ஒரு பல் நகர்த்தினால் 8.18 டிகிரி. இரண்டையும் சேர்த்துச் செய்தால் கிடைக்கும் வித்தியாசம் 0.82 டிகிரி. சக்கரத்தில் அது ஆறேழு மி.மீ. உயரம். 50 மி.மீ. வேண்டுமென்றால் ஏழெட்டு முறை.

ஸ்பிரிங் பிளேட்டை (டார்ஷன் பாரைப் பின் சக்கரக் கையோடு இணைக்கும் தகடு) உடலின் விளிம்பிலிருந்து இறக்கி, எடையில்லாமல் தொங்கவிட்டு, டிஜிட்டல் கோணமானியை முதலில் கதவடிப் படியின் மேலும் பிறகு பிளேட்டின் மேலும் வையுங்கள். இரண்டின் வித்தியாசம்தான் உங்கள் கோணம். பட்டறைத் தரை சமமா இல்லையா என்பது இதில் கணக்கில் வராது. கழற்றுமுன் பழைய கோணத்தைச் சாக்பீஸால் சுவரிலாவது எழுதிவையுங்கள். இன்னொன்று: தடித்த பார் அதே எடைக்குக் குறைவாக முறுகும். பழைய கோணத்திலேயே மாட்டினால்கூட கார் தானாக உயர்ந்து நிற்கும். அந்த உயரத்தைக் கழித்துத்தான் மீதிப் பற்களை எண்ண வேண்டும். இதை மறந்தவர்கள் இரண்டு முறை கழற்றி மாட்டுவார்கள். மாட்டிய பின் 20, 30 கி.மீ. ஓட்டி, வண்டி படிந்த பிறகே உயரத்தை அளக்கவும். அளவு எப்போதும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை. தரையிலிருந்து அளந்தால் டயர் மாற்றும்போதெல்லாம் கணக்கு மாறும்.

உயர்ந்த பின் கோணங்கள் எல்லாமே கெடும். பின் கைகள் கீழே தொங்கும்போது சக்கரத்தின் தலை வெளியே சாயும், முன்விளிம்பும் வெளியே திரும்பும். 75 மி.மீ.க்கு மேல் போனால் அசல் சரிசெய்யும் போல்ட்டின் எல்லை தாண்டிவிடும்; டயர் வெளித்தோளில் தேயும். 50 மி.மீ. என்ற எல்லைக்கு இதுவும் ஒரு காரணம். அலைன்மென்ட்டில் முன் கேம்பர் (சக்கரத்தின் தலை சாயும் கோணம், மைனஸ் என்றால் உள்ளே) 0 முதல் மைனஸ் 0.5 டிகிரி, பின்னால் மைனஸ் 0.5 முதல் மைனஸ் 1, கேஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) அசலான 6 டிகிரி என்று கேளுங்கள். பின் டோ, அதாவது சக்கரத்தின் முன்விளிம்பு திரும்பியிருக்கும் அளவு, கட்டாயம் சிறிது உள்நோக்கி. வெளிநோக்கி விட்டால் சரளையில் பிரேக் பிடிக்கும்போது வால் முன்னால் வரப் பார்க்கும், அதுவும் இன்ஜின் பின்னால் உள்ள காரில்.

அடுத்து பம்ப் ஸ்டீயர், அதாவது சக்கரம் மேலும் கீழும் போகும்போது தானாகத் திரும்புவது. முன் சக்கரத்தை 20 மி.மீ. 20 மி.மீ.ஆக ஜாக்கியால் ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் டோ எவ்வளவு மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றம் அதிகமென்றால் டை ராட் முனைக்கும் ஸ்டீயரிங் கைக்கும் நடுவே வாஷர் வைத்தோ, ஸ்டீயரிங் ரேக்கின் உயரத்தை மாற்றியோ குறைக்கலாம். டை ராடையே 911 டர்போவின் உறுதியான ராடாக மாற்றிவிடுவது நல்லது. அசலில் உள்ள ரப்பர் இணைப்பு கரடுமுரடில் தாங்காது.

ஆக்ஸில் இன்னொரு கவலை. பின் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது சிவி ஜாயின்ட்டின் (ஆக்ஸில் முனையில் மடங்கிச் சுழலும் இணைப்பு) கோணம் அதன் எல்லையைத் தொடும். காரை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைத் தொங்கவிட்டுக் கையால் சுற்றுங்கள். எங்காவது பிடித்துப் பிடித்து விட்டால் அந்த இடத்தில் ஓட்டும்போது ஜாயின்ட் உடையும். தீர்வு இரண்டு. பின் கையை உடலோடு ஒரு நைலான் பட்டையால் கட்டி, பிடிப்பதற்கு 10 மி.மீ. முன்னதாகவே நிறுத்துவது, அல்லது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து வாஷர் வைத்துச் சற்றே இறக்குவது. முதலாவது மலிவு, போதுமானதும்கூட.

டயர்

எஸ்சியின் அசல் டயர் முன்னால் 185/70, பின்னால் 215/60. இரண்டின் விட்டமும் ஏறத்தாழ 640 மி.மீ. கரட்டுப் பாதைக்கு நான்கிலும் ஒரே அளவு போடுங்கள். உபரிச் சக்கரத்தை எங்கு வேண்டுமானாலும் மாட்டலாம். 205/70 ஆர் 15 ஆல்-டெரெய்ன் டயரின் விட்டம் 668 மி.மீ.; கார் 14 மி.மீ. உயரும். மட்கார்டின் உள்மடிப்பைத் தட்டி மடக்கினால் பெரும்பாலும் உட்காரும். 215/75 ஆர் 15 என்றால் 703 மி.மீ., உயர்வு 32. படத்துக்கு அதுதான் அழகு. ஆனால் பம்பர் ஓரத்தையும் மட்கார்டையும் வெட்ட வேண்டும். இன்னொன்று, கியர் 10 சதவீதம் நீண்டுவிடும். எஸ்சியின் 915 என்ற கியர்பாக்ஸில் முதல் கியரே 3.18தான், மேட்டில் மெதுவாக ஏறும்போது கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டே போக நேரும், கருகும் வாசனை வரும். 703 மி.மீ. போடுவதென்றால் 8:31 கிரௌன் பினியனை (கியர்பாக்ஸின் கடைசிப் பல்சக்கர ஜோடி) 7:31 ஆக மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். முதல் காருக்கு 205/70 போதும்.

டயர் தட்டுகிறதா என்று பார்க்க, டாம்பரைக் கழற்றிச் சக்கரத்தை ஜாக்கியால் முழுதாக மேலே ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு எல்லைக்கும் திருப்புங்கள். எங்கும் விரல் நுழையும் அளவு, அதாவது குறைந்தது 15 மி.மீ. இருக்க வேண்டும். கென்யாவிலும் கரிசல் மண் உண்டு. நனைந்தால் நம்மூர்க் கரிசலைப் போலவே டயரோடு ஒட்டி வட்டமாகத் திரளும். 5 மி.மீ. இடைவெளி விட்ட காரில் அது சக்கரத்தையே நிறுத்திவிடும்.

காற்று: சரளைக்கு 1.8 முதல் 2 பார், மணலில் 1.2 வரை. சக்கர நட் 130 நியூட்டன் மீட்டர், 50 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்கவும். சக்கரத்தை வெளியே தள்ள ஸ்பேசர் போடும் பழக்கம் வேண்டாம், பேரிங் சீக்கிரம் போகும்.

அடித்தகடு

முன்னால் 5 அல்லது 6 மி.மீ. அலுமினியத் தகடு, பம்பருக்குக் கீழிருந்து முன் சஸ்பென்ஷன் குறுக்குச்சட்டம் வரை. இது நேரான வேலை. பின்தகடுதான் யோசித்துச் செய்ய வேண்டியது.

காற்றுக்குளிர் இன்ஜினில் மேலே உள்ள விசிறி, பின் கிரில்லின் வழியே காற்றை உறிஞ்சி, சிலிண்டர்களின் இடுக்கு வழியே கீழே தள்ளும். சூடான காற்று வெளியேறும் ஒரே வாசல் இன்ஜினின் அடிப்பக்கம். அந்த வாசலை இடைவெளியில்லாத தகட்டால் மூடினால் சூடு போக வழியின்றி இன்ஜினையே சுற்றும். ஆயில் சூடு ஏறிக்கொண்டே போகும், கூலரைப் பெரிதாக்கினாலும் இறங்காது. பின்தகட்டுக்கும் சிலிண்டர் அடிக்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள். பக்கங்களைத் திறந்தே வையுங்கள். தகட்டில் பின்னோக்கிச் சாய்ந்த செதில்களாக வெட்டுங்கள். கல் புகாது, காற்று போகும். ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு நேரே ஒரு துளை. தகட்டை இன்ஜின் கேஸிலோ சம்ப் கவரிலோ ஏற்றாதீர்கள். கல் அடித்தால் அந்த அடி நேராக கேஸுக்குப் போகும். உடலிலும் இன்ஜின் தாங்கும் சட்டத்திலும் ஏற்றுங்கள்.

எஸ்சி டிரை சம்ப் கார், அதாவது ஆயில் இன்ஜினின் அடியில் தேங்காமல் தனி டேங்கில் இருக்கும். மொத்தம் சுமார் 13 லிட்டர் ஆயில். டேங்க் வலப் பின்சக்கரத்துக்குப் பின்னால். அங்கிருந்து குழாய் வலப்பக்கக் கதவடியோடு ஓடி, வலது முன் மட்கார்டுக்குள் உள்ள கூலருக்குப் போகும். அதாவது காரின் வலப்பக்கம் முழுக்க ஆயில். வலச் சக்கரங்கள் வீசும் கல் நேராக இவற்றின் மேல் விழும். டேங்க் முன் 2 மி.மீ. தகடு, குழாயின் மேல் மடித்த அலுமினியப் பட்டை, கூலருக்கு முன் கம்பி வலை. இந்த மூன்றும் சேர்ந்து ஒரு நாள் வேலை. மெல்லிய வளைகுழாய்க் கூலர் இருந்தால், விசிறி வைத்த தட்டுக் கூலராக மாற்றுங்கள். மெதுவாக ஏறும் பாதையில் எதிர்க்காற்று இருக்காது. ஆயில் சூடு 120 டிகிரியைத் தாண்டினால் நிறுத்தி, இன்ஜினை மிதமான வேகத்தில் ஓடவிட்டுக் குளிரவைக்கவும். உடனே அணைத்தால் விசிறியும் நின்றுவிடும்.

தூசி

பின்சக்கரம் கிளப்பும் தூசி காரின் வாலில் சுழன்று, கிரில் வழியே நேராக ஏர் ஃபில்டருக்குப் போகும். காற்று எடுக்கும் இடம் இதைவிட மோசமாக அமைய முடியாது. கென்யாவின் நைவாஷா பக்கம் முகப் பவுடரைப் போன்ற சாம்பல் தூசி முழங்கால் ஆழத்துக்குக் கிடக்கும். ராலிக்காரர்கள் அதை ஃபெஷ்-ஃபெஷ் என்பார்கள். காகித ஃபில்டர் அதில் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். ஆயில் நனைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டரை வெளியே போட்டு, உள்ளே காகித ஃபில்டரை இரண்டாம் காவலாக வையுங்கள். ஃபில்டரின் விளிம்பும் பெட்டியும் சேரும் கோட்டில் கிரீஸ் பூசுங்கள். தூசி பெரும்பாலும் ஃபில்டரைத் துளைத்து வருவதில்லை, ஓரத்தில் நழுவித்தான் வரும். முடிந்தால் காற்றை காருக்குள்ளிருந்து எடுக்கும்படி பின் ஜன்னல் பக்கம் குழாய் கொண்டுபோங்கள்.

கே-ஜெட்ரானிக்கில் கூடுதல் கவனம் தேவை. காற்றை அளக்கும் தட்டுக்குப் பின்னால் எங்கே ஓட்டை இருந்தாலும் அளக்காத காற்று உள்ளே போய்க் கலவை மெலியும், இன்ஜின் சூடேறும். ரப்பர் குழாய்களையெல்லாம் புதிதாகப் போட்டு கிளிப் இறுக்குங்கள்.

கூண்டு

வெறும் அலங்காரக் கூண்டு வேண்டாம். பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பின் விதிப்படி: தையலில்லாத, குளிர்நிலையில் இழுத்துச் செய்த கார்பன் எஃகுக் குழாய், இழுவலிமை குறைந்தது சதுர மி.மீ.க்கு 350 நியூட்டன், முதன்மை வளைவு 45 மி.மீ. விட்டம் 2.5 தடிமன் அல்லது 50க்கு 2. மற்றவை 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. உடலில் ஏறும் ஒவ்வொரு காலுக்கும் கீழே 3 மி.மீ. தகடு, 120 சதுர செ.மீ. பரப்பு; போல்ட் போட்டு ஏற்றினால் எம்8 அளவில் 8.8 தரத்தில் மூன்றுக்குக் குறையாமல். தலை படும் இடங்களில் மெத்தை. ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்டும் காரானால் தலைக்கு அருகில் உள்ள குழாய் விபத்தில் சுத்தியலாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

பிரேக் பைப்பை அடியிலிருந்து எடுத்து காருக்குள் கொண்டுபோங்கள், முனைகளில் எஃகுப் பின்னல் குழாய். டிஸ்க்குக்குப் பின்னுள்ள தகட்டைக் கழற்றிவிடலாம். அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு சிறு கல் சிக்கினால் வரும் கீச்சலில் பிரேக்கே போய்விட்டதோ என்று பயந்துவிடுவீர்கள். கியர் கம்பி இணைப்பின் புஷ்ஷை, சீட்டுகளுக்கு நடுவே மூடியைத் திறந்து, புதிதாக மாற்றுங்கள். 915இல் கியர் சரியாக விழாததற்குப் பாதிக் காரணம் அதுதான். அதன் ஆயில் 3 லிட்டர்.

விளக்கு: நான்கு 55 வாட் ஹாலோஜன் என்றால் 220 வாட், 18 ஆம்பியர். சுவிட்ச் வழியே நேராக இழுத்தால் வயர் உருகும். இரண்டு விளக்குக்கு ஒரு ரிலே, தனி ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. வயர். எல்இடி என்றால் சுமை குறைவு. விளக்கைத் தாங்கும் சட்டத்தை பானட் தகட்டில் மட்டும் ஏற்றினால் அதிர்வில் தகடு கிழியும். பம்பர் தாங்கியில் ஏற்றுங்கள்.

எடையை எங்கே வைப்பது என்பதும் கேள்வி. முழு டேங்க் பெட்ரோல் ஏறத்தாழ 60 கிலோ, அது முன்னால் இருப்பது ஸ்டீயரிங்குக்கு நல்லது. முழு அளவு உபரிச் சக்கரம் பின்சீட்டைக் கழற்றிய இடத்தில், பட்டையால் கட்டி. கூரையில் சக்கரமும் ஜெர்ரிக்கேனும் ஏற்றினால் படத்தில் கம்பீரம். பக்கச் சரிவில் வயிறு கலங்கும்.

முதல் 200 கி.மீ.

கட்டி முடித்ததும் நேராகக் காட்டுக்குப் போகாதீர்கள். 50 கி.மீ. தார்ச்சாலை, பிறகு தெரிந்த சரளைப் பாதையில் ஒரே 10 கி.மீ. வட்டத்தைத் திரும்பத் திரும்ப. விசிறி பெல்ட் ஒன்று, அதன் புல்லி கழற்றும் சாவி, ஆயில் 2 லிட்டர், சிவி பூட் ஒன்று, கிளட்ச் கேபிள் ஒன்று கட்டாயம் வண்டியில் இருக்கட்டும். ஓடும்போது சார்ஜ் விளக்கு எரிந்தால் அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அதே பெல்ட்தான் குளிர்விக்கும் விசிறியையும் சுற்றுகிறது. அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

ஒவ்வொரு வட்டம் முடிந்ததும் காருக்கடியில் படுத்துப் பாருங்கள். சக்கர நட், சிவி போல்ட், ஷாக்கின் மேல் கீழ் போல்ட், அடித்தகட்டுப் போல்ட். இறுக்கிய எல்லாவற்றிலும் முதலிலேயே பெயின்ட் கோடு போட்டிருந்தால், நகர்ந்தது எது என்று டார்ச் வெளிச்சத்திலேயே தெரியும். முக்கோண ஒட்டுகளின் ஓரத்தில் பெயின்ட் முடிபோல் வெடித்திருந்தால் அங்கே உலோகம் அசைகிறது. டயரின் பக்கச்சுவரில் பளபளப்பான வட்டக் கோடு இருந்தால் எங்கோ தட்டுகிறது.

கடைசியாக ஃபில்டரைக் கழற்றி, அதற்கு உட்பக்கம் உள்ள குழாய்க்குள் வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டுத் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் அடுத்த வாரம் நீண்ட பாதைக்குப் போகலாம். செம்மை படிந்து வந்தால் பெட்டியை மறுபடி கழற்றி, கிரீஸ் எந்த ஓரத்தில் விட்டுப்போனது என்று தேடுங்கள்.